நேட்டாலுக்குக் கப்பலேறி வந்தவரின் ஊரைத் தேடுகிறேன், எங்கிருந்து தொடங்குவது?

போளூர் மருமகள், சாட்ஸ்வொர்த்

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது போளூர் பக்கம். கல்யாணமாகி, தென்னாப்பிரிக்காவில் முன்பு நேட்டால் என்று சொன்ன பகுதியில் உள்ள டர்பன் வந்து, சாட்ஸ்வொர்த்தில் மாமியாரோடு இருக்கிறோம். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. இங்கேயே பிறந்தவர். தமிழ் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. அவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தா சென்னையில் கப்பலேறி வந்து, உம்சிண்டோ பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அந்தத் தாத்தாவின் ஊரைக் கண்டுபிடித்து, அங்கே குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல் வைக்க வேண்டும் என்று அத்தை பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த ஆடி மாதம் நான் பிறந்த வீட்டுக்குப் போகும்போது அவரையும் கூட்டிப் போக நினைக்கிறேன்.

கையில் இருப்பது கொஞ்சம்தான். "ஆற்காடு" என்று ஒரு பெயர் வாய்வழியாக வந்திருக்கிறது. ஆற்காடு நகரமா, ஜில்லாவா என்று யாருக்கும் தெரியாது. அத்தையின் அப்பாவுக்கு 1908இல் எழுதிய பிறப்புப் பதிவின் நகல் ஒன்று இருக்கிறது. அதில் தாத்தா பெயருக்குப் பக்கத்தில் ஐந்து இலக்க எண், ஆயா (பாட்டி) பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு எண். தாத்தாவின் எண்ணில் கடைசி இலக்கம் காகித மடிப்பில் தேய்ந்து 3 போலவும் தெரிகிறது, 8 போலவும் தெரிகிறது. குடும்பப் பெயர் கவுண்டென். அதை வைத்துத் தேடினால் ஒன்றுமே வரவில்லை. தாத்தாவின் பெயரை மட்டும் போட்டால் ஏகப்பட்ட பேர் வருகிறார்கள்.

ஊரைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று சொல்லும் ஒருவரிடம் விசாரித்தோம். பாதிப் பணத்தை முன்னாலேயே கட்டச் சொல்கிறார். கட்டலாமா? இல்லை, நாமே தேட வழி இருக்கிறதா?

டோங்காட் வாத்தியார்

அம்மா, பணம் கட்ட வேண்டாம். எண் உங்கள் கையிலேயே இருக்கிறது. அந்த எண் கிடைக்காமல்தான் நிறையக் குடும்பங்கள் திண்டாடுகின்றன.

நான் டோங்காட்டில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன். ஓய்வுக்குப் பிறகு, கேட்டு வருகிறவர்களுக்கு இந்தத் தேடலில் உதவி செய்கிறேன். என் அப்பா வழியும் அம்மா வழியும் ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள். இது எனக்கு மனதுக்கு மிக நெருங்கிய வேலை. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கப்பல் ட்ரூரோ. சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேர்ந்தது. பத்து நாள் கழித்து கல்கத்தாவிலிருந்து பெல்வெடேர் வந்தது. அன்றிலிருந்து 1911 வரைக்கும் 384 கப்பல் பயணங்களில் 1,52,184 பேர் வந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்ட சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஒரு வரிசை எண் கொடுத்தார்கள். காலனி எண் என்று சொல்வோம். ஒப்பந்தம், தோட்ட மாற்றம், கல்யாணம், பிள்ளை பிறப்பு, அதிகாரியிடம் கொடுத்த புகார், கடைசியில் சாவு என்று எல்லாத் தாள்களிலும் அந்த எண்ணைத்தான் எழுதினார்கள். பெயரை வெள்ளைக்கார குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதுவார். ஒரே ஆள் ஒரு தாளில் ஒரு மாதிரியும் அடுத்த தாளில் வேறு மாதிரியும் இருப்பார். எண் மாறாது. அதனால் பெயரை விட்டுவிட்டு எண்ணைத் தேடுங்கள்.

குடும்பப் பெயரை வைத்துத் தேடி ஒன்றும் வராததில் ஆச்சரியம் இல்லை. கப்பலேறியவர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற பழக்கமே கிடையாது. பட்டியலில் தன் பெயர், தகப்பன் பெயர், அவ்வளவுதான். கவுண்டென், பிள்ளை, நாயுடு, மூட்லி, கோவெண்டர் எல்லாம் இங்கே வந்தபிறகு, பள்ளிக்கூடத்திலும் பதிவு அலுவலகத்திலும் நிலைத்தவை. ஒரே தகப்பனுக்குப் பிறந்த அண்ணனுக்கு ஒரு பெயரும் தம்பிக்கு வேறு பெயரும் இருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

கப்பல் பட்டியலில் என்னென்ன இருக்கும் என்றால், எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். இடது முழங்காலில் தழும்பு, முன்கையில் பச்சை என்று எழுதியிருப்பார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் போய்விட்ட ஒருவரின் தழும்பைப் பற்றிப் படிக்கும்போது பெரியவர்கள் பலர் கண் கலங்கிவிடுகிறார்கள். அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.

இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. முதலில் அங்கே எழுதிக் கேளுங்கள். 3 என்று முடியும் எண், 8 என்று முடியும் எண், ஆயாவின் எண், மூன்றையும் கொடுங்கள். டர்பனிலேயே 1860 பாரம்பரிய மையமும் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் வரலாற்றுக்காகவே நடக்கிற அருங்காட்சியகம் அது. அங்கேயும் வழி கேட்கலாம்.

இரண்டு எண்ணில் எது தாத்தா என்று கண்டுபிடிக்க ஒரு வழி. ஒரே குடும்பமாக ஏறியவர்களுக்கும், ஒரே ஊரிலிருந்து சேர்ந்து வந்தவர்களுக்கும் எண் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும். அதனால் தாத்தாவின் வரிசையை மட்டும் கேட்காமல், மேலே பத்துப் பேர், கீழே பத்துப் பேர் என்று சேர்த்துக் கேளுங்கள். தம்பியோ மச்சானோ கூடவே ஏறியிருக்கலாம். கூட வந்தவரின் கிராமப் பெயர் தெளிவாகவும் தாத்தாவின் கிராமப் பெயர் சிதைந்தும் இருப்பது உண்டு. அப்போது கூட வந்தவர் வழியாக ஊர் தெரிந்துவிடும்.

இன்னொன்று. 1866க்குப் பிறகு ஆட்களை அனுப்புவது நின்றுபோய், 1874இல்தான் மறுபடி தொடங்கியது. ஊர் திரும்பியவர்கள் இங்கே பட்ட கொடுமையைச் சொல்லி முறையிட்டதால் விசாரணைக் குழு போட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்தியக் குடியேறிகளுக்கு என்று பாதுகாப்பு அதிகாரி வந்தார். எங்கள் பாட்டன் 1870இல் வந்தார் என்று யாராவது சொன்னால், அந்த வருடத்தைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். உங்கள் தாத்தா அநேகமாக 1890க்குப் பிறகு வந்தவராக இருப்பார், பிள்ளை 1908இல் பிறந்திருப்பதால்.

அப்புறம், ஆயாவின் எண்ணை விட்டுவிடாதீர்கள். இங்கே எல்லோரும் தாத்தாவைத் தேடுகிறார்கள். ஆயா யார் மகள், எந்த ஊர் என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது ஏற வேண்டும் என்று விதி இருந்தது. கணவனை இழந்தவர்கள், வீட்டை விட்டு வந்தவர்கள், பஞ்சத்தில் தனியாகிப் போனவர்கள் என்று நிறையப் பெண்கள் தனியாகவே கப்பலேறினார்கள். தோட்டத்தில் ஆணுக்குச் சமமாக வேலை செய்து பிள்ளைகளையும் வளர்த்த அந்தப் பெண்களின் ஊரும் தகப்பன் பெயரும் அதே பட்டியலில் இருக்கின்றன. அத்தைக்கு இரண்டு ஊர் கிடைக்கலாம். இரண்டுக்கும் போக வேண்டும் என்பது என் ஆசை.

ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், ராணிப்பேட்டை

வணக்கம் சகோதரி. வாத்தியார் ஐயா அங்கத்திய வழியைச் சொல்லிவிட்டார். ஊர்ப் பெயர் கையில் வந்தபிறகு இங்கே என்ன செய்வது என்பதை நான் சொல்கிறேன்.

ஆற்காடு என்றால் ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். வட ஆற்காடு ஜில்லா, தென் ஆற்காடு ஜில்லா என்று இரண்டு இருந்தன. உங்கள் போளூரே அந்தக் காலத்தில் வட ஆற்காடுதான். 1911 வரைக்கும் வட ஆற்காட்டுக்குத் தலைநகரம் சித்தூர். அந்த வருடம் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்து, இன்று ஆந்திராவில் இருக்கிறது. எனவே ஜில்லா வட ஆற்காடு என்று இருந்தால், ஊர் ஆந்திராப் பக்கமாகவும் இருக்கலாம். மிச்சமிருந்த வட ஆற்காட்டை 1989இல் வேலூர்ப் பக்கம், திருவண்ணாமலைப் பக்கம் என்று பிரித்தார்கள். 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகின. தென் ஆற்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் ஆனது. விழுப்புரத்திலிருந்து 2019இல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. இன்றைய மாவட்ட வரைபடத்தை மட்டும் பார்த்தால் ஊரைத் தவறவிடுவீர்கள். தாலுகாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆற்காடு, வாலாஜா, குடியாத்தம், போளூர் மாதிரியான தாலுகாப் பெயர்கள் இன்றைக்கும் இருக்கின்றன.

கிராமப் பெயரை ஆங்கிலத்தில் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். சத்தமாகப் படியுங்கள். பாக்கம், பட்டு, பாடி, தாங்கல், மங்கலம், ஏரி, குப்பம் என்று முடிவு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் அந்தத் தாலுகாவின் வருவாய்க் கிராமப் பட்டியலை எடுத்து அதே முடிவுள்ள பெயர்களை வரிசையாகப் பாருங்கள். ஒரே தாலுகாவில் ஒரே பெயரில் இரண்டு கிராமம் இருப்பதும் சகஜம். மேல், கீழ், புது, பழைய என்று முன்னால் ஒரு சொல் சேர்த்துப் பிரித்திருப்பார்கள். குமாஸ்தா அந்த முன்சொல்லை விட்டிருப்பார்.

நிலப் பத்திரம், பட்டா, சிட்டா என்று தேடி அலைய வேண்டாம். அப்படிக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் சொந்த நிலம் இல்லாதவர்கள். அவர்கள் பெயர் கிராமக் கணக்கில் ஏறியே இருக்காது. ஊருக்குள் போய்ப் பெரியவர்களிடம் கேட்பதுதான் வழி. "எங்கள் பெரிய தாத்தா கூடப் பிறந்தவர் ஒருவர் நாட்டாலுக்குப் போய்விட்டார், திரும்பவே இல்லை" என்று சொல்லும் வீடுகள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன. ஊர்க் கோயில் பூசாரி, பம்பைக்காரர், பழைய தலையாரிக் குடும்பம், இவர்களிடம் முதலில் கேளுங்கள். எந்தப் பங்காளி வகையறாவுக்கு எந்தச் சாமி என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

போவதற்கு முன்னால் யாரையாவது அனுப்பி விசாரித்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து திடீரென்று ஒரு காரில் போய் இறங்கினால், நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார்கள் என்று ஊர்க்காரர்கள் பயப்படுவார்கள். சாமிக்குப் பொங்கல் வைக்க வந்திருக்கிறோம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டால், ஊரே கூட வந்து நிற்கும். தாலுகாவும் கிராமமும் தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். வட ஆற்காட்டுப் பக்கமாக இருந்தால் நானே நேரில் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

போளூர் மருமகள், சாட்ஸ்வொர்த்

ஐயா இருவருக்கும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அத்தைக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஆயாவின் ஊருக்கும் போகலாம் என்றதைக் கேட்டதும் முகம் அப்படி மலர்ந்தது.

எழுதிய அன்றே மையத்துக்கும் கேட்டு அனுப்பினேன். பதில் வந்திருக்கிறது. 8 என்று முடியும் எண் ஒரு பெண் குழந்தையுடையது, அதனால் அது இல்லை. 3 என்று முடியும் எண்ணில் தாத்தாவின் பெயரும் தகப்பன் பெயரும் சரியாக இருக்கின்றன. ஜில்லா வட ஆற்காடு, தாலுகா வாலாஜா. கிராமப் பெயர் "பாக்கம்" என்று முடிகிறது, முன்பகுதி தெளிவில்லை. ஆயா வேறு கப்பல், ஜில்லா செங்கல்பட்டு.

ஒரு விஷயம் மட்டும் வீட்டில் பேச்சாகிவிட்டது. பட்டியலில் தாத்தாவின் சாதி என்று எழுதியிருப்பதும் எங்கள் குடும்பப் பெயரும் ஒத்துப்போகவில்லை. என் கணவரின் சித்தப்பா, "இது நம் ஆள் இல்லை, வேறு யாரோ" என்கிறார். எப்படி உறுதி செய்வது?

டோங்காட் வாத்தியார்

அம்மா, இது அடிக்கடி வருகிற கேள்வி. அந்தப் பத்தியைப் பார்த்துவிட்டுத் தேடலையே நிறுத்தியவர்கள் உண்டு. அது எனக்கு மிகவும் வருத்தம். கப்பலேற்றும் முன் ஆட்களைச் சேர்த்துவைத்த இடத்தில் குமாஸ்தா கேட்டதும், ஏறுகிறவர் சொன்னதும், எழுதியதும் வேறு வேறாக இருந்திருக்கலாம். இங்கே தோட்டத்து பாரக்ஸ் என்ற குடியிருப்பில் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள், ஒரே அடுப்பில் சமைத்தார்கள். பிறகு தாங்களே விரும்பிய பெயரை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. சித்தப்பாவிடம் என் வணக்கத்தோடு இதைச் சொல்லுங்கள்.

ஆள் அவர்தானா என்று உறுதி செய்ய, சாதிப் பத்தி எந்தப் பக்கத்துக்கும் சாட்சி ஆகாது. எண் பொருந்துகிறதா, தகப்பன் பெயர் பொருந்துகிறதா, ஒதுக்கப்பட்ட முதலாளி உம்சிண்டோ பக்கத் தோட்டமா என்று பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் வேறு யாராகவும் இருக்க முடியாது.

தோட்டம் மட்டும் மாறியிருந்தால் பதற வேண்டாம். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்தபின் நிறையப் பேர் இடம் மாறினார்கள். 1895ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்து இங்கேயே சுதந்திரமாகத் தங்க வேண்டுமென்றால் ஆளுக்கு வருடம் மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். பதினாறு வயது மகனுக்கும் பதிமூன்று வயது மகளுக்கும் கூட அந்த வரி. அதைக் கட்ட முடியாமல் மறுபடி ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களும் ஊர் திரும்பியவர்களும் ஏராளம். 1913 போராட்டத்துக்குப் பிறகு, 1914இல்தான் அந்த வரி ஒழிந்தது. தாத்தாவின் தம்பி தங்கை யாராவது அந்தக் காலத்தில் ஊர் திரும்பியிருந்தால், வாலாஜா பக்கம் உங்களுக்குச் சொந்தம் இருக்க நல்ல வாய்ப்பு.

மரிட்ஸ்பர்க் அக்கா

சித்தப்பாவுக்காக ஒரு தாள் எடுத்துக் காட்டுங்கள். தாத்தா இறந்தபோது, அவர் விட்டுப்போன சொத்துக்காக எஸ்டேட் கோப்பு திறந்திருந்தால், அதில் இறப்பு அறிவிப்பு என்று ஒரு படிவம் இருக்கும். இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி பெயர், பிள்ளைகள் எல்லோர் பெயரும் அதில் கேட்டிருப்பார்கள். பிள்ளைகள் வரிசையில் அத்தையின் அப்பா பெயர் இருந்தால் அதற்குமேல் பேச்சே இல்லை.

பீட்டர்மரிட்ஸ்பர்க் எஸ்டேட் கோப்புகளில் 1846 முதல் 1950 வரைக்கும் உள்ளவற்றை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். அங்கே குடும்பப் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் போட்டுப் பாருங்கள். தாத்தாவின் பெயரையே குடும்பப் பெயராக வைத்தும் தேடுங்கள். நான் என் கொள்ளுத்தாத்தாவை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் நாயர்ஸ் தேடுபொறியும் இலவசம். கோப்பின் தலைப்பும் எண்ணும் மட்டும்தான் காட்டும், உள்ளே இருப்பதைப் படிக்க இங்கே மரிட்ஸ்பர்க் காப்பகத்துக்கு வர வேண்டும். பாதுகாப்பு அதிகாரி அலுவலகத்தின் கடிதங்கள் இந்தியக் குடியேற்றம் என்ற பிரிவில் இருக்கின்றன. தோட்டத்தில் அடித்தார்கள், கூலி தரவில்லை, அரிசி குறைத்தார்கள் என்று நம் ஆட்கள் கொடுத்த புகார்கள் அதில் உண்டு. பாதிக்கப்பட்டவர்களின் சொல் கொஞ்சமாவது தாளில் நிற்பது அங்கேதான். வாசிப்பு அறையில் பென்சில் மட்டும்தான் அனுமதி. படம் எடுக்கலாமா என்று மேசையில் கேட்டுவிட்டு எடுங்கள்.

வீட்டுக்குள்ளேயும் தேடுங்கள். கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் குடும்பங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றியபோது பெட்டிகள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன. அத்தையின் பெரியம்மா, சித்தி பிள்ளைகள் வீட்டு அலமாரியில் ஒப்பந்தம் முடிந்ததற்குக் கொடுத்த பழைய விடுதலைச் சீட்டு, திருமணப் பதிவு ஏதாவது இருக்கும். கோயில் கமிட்டியின் பழைய நன்கொடைப் புத்தகத்தையும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்னால் சொன்னால் நானும் காப்பகத்துக்கு வருகிறேன்.

ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், ராணிப்பேட்டை

சகோதரி, வாலாஜா என்றால் எனக்குப் பக்கம். ஆனால் இந்தப் பக்கம் பாக்கம் என்று முடியும் ஊர்கள் நிறைய. முன்பகுதியில் எத்தனை எழுத்து தெரிகிறது, முதல் எழுத்து எது என்று சொல்லுங்கள். கூட ஏறியவர்களின் வரிசையில் அதே தாலுகாக்காரர் யாராவது இருந்தால் அவர் கிராமத்தையும் சேர்த்து அனுப்புங்கள். தகப்பன் பெயரைப் பொதுவில் போட வேண்டாம், தனி அஞ்சலில் எழுதுங்கள். வீட்டில் கும்பிடும் சாமி பெயரையும் சொல்லுங்கள். ஆடிக்குக் கூழ் ஊற்றுவீர்களா, படையலில் என்ன வைப்பீர்கள், யாருக்கு முதல் படையல், இதை அத்தையிடம் கேட்டு எழுதினால் பூசாரிகளிடம் கேட்க எனக்கு வசதியாக இருக்கும்.

போளூர் மருமகள், சாட்ஸ்வொர்த்

அண்ணா, முதல் எழுத்து "ப" அல்லது "வ". மேலே கீழே உள்ள வரிசைகளையும் கேட்டு எழுதியிருக்கிறேன். வீட்டில் கங்கையம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றுகிறார்கள். அதற்கு முன்னால் முனீஸ்வரனுக்குத் தனியாகச் சேவல் படையல். அந்தப் படையலைப் பெண்கள் சாப்பிட மாட்டார்கள். இது ஏன் என்று அத்தைக்குத் தெரியாது, தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் என்கிறார். உங்கள் பக்கம் எந்த ஊரில் இந்த வழக்கம் இருக்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள். அக்கா, இந்த வாரமே எஸ்டேட் கோப்பைத் தேடத் தொடங்குகிறேன். சித்தப்பாவும் கூட உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.